கலைச்சொல் உதவி: வண்டியின் ‘ஐட்லிங்’ வேகத்துக்குத் தமிழில் என்ன?

மொழிபெயர்ப்பவர்:
குழுவினருக்கு வணக்கம். பைக் பழுதுபார்க்கும் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஆக்சிலேட்டர் கேபிள் மாற்றும் பாடம் நாளை மாலைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். புதுக் கேபிள் போட்டதும், முறுக்காமலே இன்ஜின் உறுமிக்கொண்டு நிற்கிறது, ஹேண்டில்பாரைத் திருப்பினால் இன்னும் ஏறுகிறது. இதை விளக்கும் இடமெல்லாம் ‘ஐட்லிங் வேகம்’, அதாவது ஆக்சிலேட்டரை முறுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், வருகிறது. பழைய வரைவில் ‘செயலற்ற வேகம்’ என்று போட்டிருக்கிறார்கள். செயலற்றுப் போனதற்கு ஏது வேகம்? அதே வரைவில் கேபிளின் ‘ப்ளே’ (கேபிள் இழுபடும் முன் கிரிப் சும்மா திரும்பும் சிறு இடைவெளி), ‘இலவச விளையாட்டு’ ஆகியிருக்கிறது. காப்பாற்றுங்கள்.

தமிழாசிரியர்:
வெற்றோட்டம். வெறுமை + ஓட்டம். வெறுமை + இலை வெற்றிலை ஆகிறதே, அதே விதிதான். மை கெட்டு ஒற்று இரட்டிக்கும். வெற்றிலை ஏன் ‘வெறும் இலை’ என்பதற்குத் தனிக்கதை உண்டு, கேட்டால் எழுதுகிறேன்.

மின்பொறியாளர்:
கேட்க வேண்டாம் ஐயா, அச்சுக்கு நேரமாகிறது. வெற்றோட்டத்தை எங்களுக்கு விட்டுவிடுங்கள். சுமை மாட்டாமல் மோட்டாரை ஓட்டிப் பார்ப்பதற்கு அந்தச் சொல் வேண்டும். 50 ஹெர்ட்ஸில் ஓடும் நான்கு துருவத் தூண்டல் மோட்டார் சுமையில்லாதபோது நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 1,500 சுற்றைத் தொடும், அதற்கு மேல் அதனால் போக முடியாது. பெட்ரோல் இன்ஜின் நேர்மாறு. அணையாமல் தாக்குப்பிடிக்கிற குறைந்த வேகம்தான் ஐட்லிங், பல பைக்குகளில் நிமிடத்துக்கு 1,100 முதல் 1,500 சுற்றுக்குள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் மாணவன் பாடு திண்டாட்டம்.

பட்டறைக்காரர்:
பட்டறையில் இதற்குப் பேர் ‘ஸ்லோ ஸ்பீடு’. யாரைக் கேட்டாலும் தெரியும், அதையே போடுங்கள். அப்புறம் பாடத்தில் இதையும் சேருங்கள்: ஹேண்டிலைத் திருப்பும்போது வேகம் ஏறினால், ஸ்லோ ஸ்பீடைக் கூட்டிக் குறைக்கிற ஸ்லோ ஸ்க்ரூவில் கை வைக்கவே கூடாது. கேபிளில் ப்ளே இல்லை, அல்லது டேங்க் அடியில் கேபிள் வழி மாறிப் போய் இழுபடுகிறது என்று அர்த்தம். கேபிள் உறையின் முனை அட்ஜஸ்டர் குழிக்குள் உட்காராமல் விளிம்பில் ஏறி நின்றாலும் இதே கூத்துதான். ஸ்க்ரூவைத் தளர்த்தியும் வேகம் இறங்கவில்லையா, த்ராட்டிலை (இன்ஜினுக்குக் காற்றை விடும் அடைப்பை) திறந்து பிடித்திருப்பது ஸ்க்ரூ இல்லை, கேபிள் என்று முதலில் சந்தேகப்படணும். கேபிளில் ப்ளே சரியாக இருந்தும் இறங்காவிட்டால்தான் கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே காற்று கசிகிறதா என்று தேடணும்.

தமிழாசிரியர்:
மின்பொறியாளர் சொன்னதில் ஒரு வாசல் திறக்கிறது. தொல்காப்பிய உரியியல் ‘வறிது சிறிதாகும்’ என்கிறது. அதே வறிதுக்கு வெறுமை, பயனின்மை என்ற பொருளும் உண்டு. இன்ஜின் சும்மாவும் ஓடுகிறது, சிறிதாகவும் ஓடுகிறது. ஒரே சொல்லில் இரண்டும்! வறிதோட்டம்.

கல்லூரி மாணவி:
ஐயா, எங்கள் வகுப்பில் இதை ‘வறுமை ஓட்டம்’ என்றுதான் படிப்பார்கள்.

தமிழாசிரியர்:
தவறில்லையம்மா. வறுமை, வறுங்கை, வறுநிலம் எல்லாம் ஒரு வேர்தான்.

இன்னொருவர்:
மடியோட்டம்? மடி என்றால் சோம்பல். வள்ளுவர் மடியின்மை என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார்.

மின்பொறியாளர்:
அவர் மடியைக் கூடாது என்கிறார், நீங்கள் இன்ஜினுக்கு அதையே சூட்டப் பார்க்கிறீர்கள். வறிதோட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வறிது வினையடையாகவும் வருமே, ‘ஓட்டம்’ என்ற பெயரோடு ஒட்டுமா?

தமிழாசிரியர்:
ஒட்டும். ஏன் ஒட்டும் என்பது நீண்ட மடல்.

மொழிபெயர்ப்பவர்:
மன்னியுங்கள், நீண்ட மடலுக்கு இன்று நேரமில்லை. பெரும்பாலோர் களைத்துப்போய் ஒத்துக்கொண்டபடி, பாடத்துக்குள் ‘ஐட்லிங் வேகம்’, முதல் முறை வரும்போது பக்கத்தில் ‘ஸ்லோ ஸ்பீடு’ என்றும் போடுகிறேன். வறிதோட்டம் அருஞ்சொல் பட்டியலுக்குப் போகிறது. ப்ளேக்குத் ‘தளர்வு’.

பட்டறைக்காரர்:
மற்றதெல்லாம் சரி, தளர்வு மட்டும் வேண்டாம். ‘கேபிளில் தளர்வு உள்ளது’ என்று படித்தால் பையன் அதைப் பழுது என்று நினைத்து இறுக்கிவிடுவான். ப்ளே இருக்கணும், பெரும்பாலான வண்டிகளில் கிரிப் விளிம்பில் அளந்தால் 2 முதல் 6 மில்லிமீட்டர். வேறு சொல் கிடைக்காவிட்டால் ‘இருக்க வேண்டிய தளர்வு’ என்று எண்ணோடு சேர்த்தாவது அச்சிடுங்கள்.

தமிழாசிரியர்:
இதற்குத்தான் ‘இளக்கம்’ என்று சொல்ல வந்தேன். தளர்வு சோர்வைக் குறிக்கும், இளக்கம் அப்படியல்ல. நாளை மறுநாள் விரிவாக எழுதுகிறேன்.