புதுப்பிப்பு: டெம் (எலக்ட்ரானை சாம்பிள் வழியா ஊடுருவ விட்டு படம் எடுக்கிற மைக்ரோஸ்கோப்) பக்கம் பிஎச்டி போலாமான்னு கேட்டிருந்தேன்ல

மெட்டீரியல்ஸ் படிச்சுட்டு எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பிலயே பிஎச்டி பண்ணா எதிர்காலம் இருக்கா, இல்ல மெஷின் ஓட்டுற ஆளாவே நின்னுடுவோமான்னு முன்னாடி கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி, சேர்ந்துட்டேன், ட்ரெய்னிங் ஓடிட்டு இருக்கு.

மெஷினை விட சாம்பிள் தயாரிக்கிறது தாங்க பெரிய வேலை. 100 நானோமீட்டருக்கும் கீழ மெலிசாக்கணும், அணு வரிசை தெளிவா தெரியணும்னா இன்னும் மெலிசா வேணும், ஃபிப்ல (அயனி பீமால செதுக்குற மெஷின்) 30 கேவி (கிலோவோல்ட்) காலியம் பீம்ல வெட்டி எடுத்துட்டு கடைசில 5, 2 கேவின்னு இறக்கி பாலிஷ் பண்ணலன்னா மேல கெட்டுப்போன லேயர் நின்னு படமே மங்கிடுது. அப்புறம் டில்ட் பண்றது, கிகுச்சி கோட்டை (படிகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு காட்டுற கோடு) புடிச்சுக்கிட்டே ஸோன் ஆக்ஸிஸுக்கு (அணு வரிசை பீமுக்கு நேரா நிக்கிற திசை) போகணும், இதெல்லாம் வீடியோ பாத்தா வராது, கை பழகணும்.

கோடிங் தெரியாம இனி கஷ்டம். 4டி-ஸ்டெம்ல (பீமை புள்ளி புள்ளியா நகர்த்தி, ஒவ்வொரு புள்ளியிலயும் எலக்ட்ரான் சிதறுற டிஃப்ராக்ஷன் படம் எடுக்கிற முறை) 256×256 ஸ்கேன் எடுத்தாலே 65,536 டிஃப்ராக்ஷன் படம் வருது, பைத்தான் இல்லாம அதை என்ன பண்றது? ஹைப்பர்ஸ்பைங்கிற பைத்தான் லைப்ரரி இலவசம், இப்பவே ஆரம்பிச்சுடுங்க.

வேலை பத்தி: ப்ரொஃபசர் ஆகணும்னா டெம் தெரியும்னா மட்டும் பத்தாது, பேட்டரியோ உலோகக்கலவையோ, நமக்குன்னு ஒரு கேள்வி வேணும். கருவி மேலயே ஆசைன்னா ஸ்டாஃப் சயின்டிஸ்ட் (கருவியைப் பாத்துக்கிட்டு மத்தவங்க ஆராய்ச்சிக்கும் உதவுற வேலை) வழி இருக்கு, அதை குறைச்சு பேசாதீங்க, நல்ல டேட்டா அவங்க கைல தான் பிறக்குது. பேப்பர்ல பேர் போடுறதை மட்டும் வேலை தொடங்குறதுக்கு முன்னாடியே பேசிடுங்க.