அமெரிக்கத் துப்பாக்கிச் சூடும் இனமும்: இனவாதத்தை எப்படி அளக்கிறார்கள்?

கொட்டாஞ்சேனை வாசி:
நான் சமூகவியல் படிக்கிறேன், கட்டமைப்பு இனவாதம் (சட்டத்திலும் நிறுவனங்களிலும் ஊறிப்போன இனப் பாகுபாடு) பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். அமெரிக்கச் சனத்தொகையில் கறுப்பினத்தவர் ஏறக்குறைய 14 வீதம், ஆனால் துப்பாக்கியால் கொல்லப்படுபவர்களில் பாதிக்கும் மேல் அவர்கள்தான். இதை வீட்டில் சொன்னதும் மாமா "அவங்கட ஆக்களே அப்படித்தான்" என்று முடித்துவிட்டார். எனக்கு நெஞ்சு சுட்டது, ஏனென்றால் எங்கள் குடியிருப்புப் பெடியன்களைப் பற்றியும் வெளியில் இதையேதான் சொல்கிறார்கள், பக்கத்து ஒழுங்கையில் சூடு நடந்த பிறகு இரவில் ஓட்டோக்காரர்கள் உள்ளே வராமல் சந்தியிலேயே இறக்கிவிடுகிறார்கள். மாமாவுக்கு என்ன பதில் சொல்வது? மனதில் இருக்கிற இனவாதத்தை ஆய்வில் எப்படி அளக்கிறார்கள்?

பொதுச் சுகாதாரம்:
தங்கச்சி, அவர்கள் மனதை அளப்பதில்லை, அரசு விட்டுப்போன தடத்தை அளக்கிறார்கள். 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களை நாலு நிறமாகப் பிரித்து வரைபடம் போட்டது. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளுக்குப் பெரும்பாலும் சிவப்பு, அதாவது கடன் கொடுக்க ஆபத்தான இடம். 2018இல் வந்த ஓர் ஆய்வு, பிலடெல்பியாவின் 1937ஆம் ஆண்டு வரைபடத்தின் மேல் இப்போதைய துப்பாக்கிச் சூடுகளை வைத்துப் பார்த்தது. அந்தக் காலத்துச் சனத்தொகை விபரங்களைக் கணக்கில் எடுத்த பிறகும் சிவப்புப் பகுதிகளில்தான் சூடு அதிகம். கோடு போட்டவர்கள் செத்து எத்தனையோ வருடம், இன்று அந்தத் தெருவில் விழுகிற பிள்ளை அவர்களைக் கண்டதே இல்லை.

தெஹிவளை அண்ணா:
சரி, ஆனால் வரைபடம் ஒன்றுதான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். அது ஏற்கனவே இருந்த பாகுபாட்டையும் பதிவு செய்தது. கறுப்பருக்கு விற்கக் கூடாது என்று காணி உறுதியிலேயே எழுதி வைத்த காலம் அது, வீட்டு விற்பனையில் இனப் பாகுபாடு கூடாது என்று கூட்டாட்சிச் சட்டம் வந்ததே 1968இல்தான். அப்புறம், அங்கே துப்பாக்கியால் சாகிறவர்களில் பெரும்பான்மை கொலை இல்லை, தற்கொலை. அதில் மிக அதிகம் வெள்ளையின ஆண்கள். அவர்களைப் பார்த்து "அவங்கட ஆக்களே அப்படித்தான்" என்று மாமா சொல்வாரா என்று கேளுங்கள்.

பொதுச் சுகாதாரம்:
நல்ல கேள்வி. இன்னொன்றையும் சேருங்கள். அதே பிலடெல்பியாவில் கைவிடப்பட்ட 541 காணிகளை எடுத்துக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றில் குப்பையை அள்ளி, புல்லும் நாலைந்து மரமும் நட்டு, தாழ்வான மரவேலி போட்டார்கள், சிலவற்றை அப்படியே விட்டார்கள். வறிய பகுதிகளில், திருத்திய காணிகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 வீதம் குறைந்தது. அங்கே ஆட்கள் மாறவில்லை, இடம்தான் மாறியது.

கொட்டாஞ்சேனை வாசி:
இரண்டு பேருக்கும் நன்றி. எங்கள் தொடர்மாடிக்குப் பின்னால் உள்ள வெறும் காணியில் நனைந்த மெத்தையும் பழைய டயரும் கிடக்கின்றன, தெருவிளக்கு எரிவதில்லை, டியூஷன் முடிந்து வருகிற பிள்ளைகள் அந்த இடத்தை ஓடியே கடக்கிறார்கள். பின்னேரம் மாமாவை அங்கே கூட்டிப்போகிறேன்.