‘எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்’: ஆர்கன் வாசித்தவருக்குப் பங்கு உண்டா?

சுருதிப்பெட்டி:
போன வாரம் பழைய ராக் பாட்டுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது புரோகோல் ஹாரம் குழுவின் ‘எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்’ வழக்கு நடுவில் வந்தது. பாதியில் நின்றுபோனதால் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1967 மே மாதம் வெளிவந்த பாட்டு. பிரிட்டனில் 6 வாரம் முதலிடத்தில் இருந்தது. வரிகள் கீத் ரீட், இசை கேரி புரூக்கர் என்று இரண்டே பெயர்கள்தான் தட்டில் அச்சாயின. பியானோ வாசித்துப் பாடியவரும் புரூக்கர்தான். ஆனால் பாட்டைப் போட்டதும் முதலில் காதில் விழுவது அவர் குரல் இல்லை, மாத்யூ ஃபிஷரின் ஹாமண்ட் ஆர்கன் என்ற மின் கீபோர்டு. 1969இல் ஃபிஷர் குழுவை விட்டு விலகினார். பல வருஷம் கழித்துத் திரும்பி வந்து வாசித்தார், மறுபடி விலகினார். 2005இல் வழக்குப் போட்டார். இந்தப் பாட்டின் இசையில் நானும் ஒரு பங்காளி என்றார். பாட்டு வந்து 38 வருஷம் கழித்து!

அவர் கேட்டது நியாயம் என்பது என் கட்சி. என் அண்ணன் மகளுக்கு ஆங்கிலப் பாட்டுப் பழக்கமே கிடையாது. வீட்டில் நான் போட்டபோது ஒரு தடவை கேட்டாள், அவ்வளவுதான். மறுநாள் காலையில் வாயில் பிரஷ்ஷோடு கொல்லைப்பக்கம் நின்று முனகிக்கொண்டிருந்தாள். முனகியது ஆர்கன் இழையை. பாடும் பகுதி அவளுக்கு ஞாபகமே இல்லை.

கொடிமரம்:
சுருதி சார், பிள்ளைகள் எதை முனகுகிறார்கள் என்பதை வைத்துச் சொத்தைப் பிரிக்க முடியாது. பாட்டு எப்போது பிறந்தது என்று பாருங்கள். ஃபிஷர் குழுவில் சேரும் முன்பே மெட்டு, கார்டு என்கிற சுரக்கூட்டுகளின் வரிசை, கீழிறங்கும் பேஸ் (அடிச் சுரங்கள்) மூன்றும் புரூக்கரிடம் தயாராக இருந்தன. 1967 மார்ச்சிலேயே உரிமையைப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. பதிவு அப்புறம்தான் நடந்தது.

கீபோர்டு வைத்திருப்பவர்கள் இடது கையை மட்டும் வைத்து வாசித்துப் பாருங்கள். ச நி த ப, ம க ரி ச. சங்கராபரணத்தில் ஒவ்வொரு படியாக இறங்குகிற மாதிரி. பாட்டின் முதுகெலும்பே அதுதான், அது புரூக்கருடையது. ஃபிஷர் வாசித்ததெல்லாம் அந்தப் படிக்கட்டின் மேல் நின்றுகொண்டுதான். கூடவே அவர் இழையில் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ‘ஏர்’ என்ற இசைத்துண்டின் வாசனை எவ்வளவு அடிக்கிறது! வீட்டைக் கட்டியவர் ஒருவர், வெள்ளையடித்தவர் இன்னொருவர். பத்திரத்தில் யார் பெயர் வரும்?

சுருதிப்பெட்டி:
பாக் விஷயத்தை நீங்களே எடுத்தது நல்லது. அதைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

பாக்கின் அந்த ‘ஏர்’, அவருடைய மூன்றாவது ஆர்கெஸ்ட்ரா சூட் என்ற வாத்தியத் தொகுப்பில் வருவது. ஆரம்பிக்கும்போது மேலே காந்தாரம் நீளமாக நிற்கும். கீழே பேஸ் மட்டும் நடந்துகொண்டே இருக்கும், அதுவும் ச நி த ப என்றுதான் இறங்கும். ஃபிஷரும் நீண்ட காந்தாரத்தில்தான் தொடங்குகிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் முதல் சில நொடி அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு இரண்டும் வேறு வேறு வழியில் போய்விடுகின்றன. பாக் எழுதிய சுரங்களை ஃபிஷர் எடுத்து ஒட்டவில்லை.

சரி, பாக்கிடம் வாங்கியதற்காக ஒருவரைக் கழிக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் புரூக்கரின் பேஸ் எங்கிருந்து வந்தது? அந்தக் காலத்தில் பிரிட்டன் தொலைக்காட்சியில் ஒரு சுருட்டு விளம்பரம் வரும். அதில் பியானோ கலைஞர் ஜாக் லூசியே வாசித்த அதே ‘ஏர்’ ஒலிக்கும். தன் பாட்டுக்குப் பொறி அதுதான் என்று புரூக்கரே சொல்லியிருக்கிறார். ஒரே கிணற்றில் இரண்டு பேர் தண்ணீர் இறைத்தார்கள். ஒருவரை மட்டும் திருடன் என்று எப்படிச் சொல்வது?

கோர்ட்டுவாசல்:
வழக்கைப் பற்றிச் சில தகவல்கள் தவறாகச் சுற்றுவதால் நடந்ததை எழுதுகிறேன்.

2006 டிசம்பரில் லண்டன் ஹை கோர்ட்டில் நீதிபதி பிளாக்பர்ன் தீர்ப்பளித்தார். கேம்பிரிட்ஜில் சட்டத்தோடு இசையும் படித்தவர் அவர். ஆர்கன் பகுதி பாட்டுக்குத் தனித்தன்மை தருகிற பெரிய பங்களிப்பு, அது புரூக்கர் எழுதிய மெட்டிலிருந்து வேறுபட்டது, ஆகவே ஃபிஷர் கூட்டாசிரியர் என்றார். இசை உரிமையில் 40 விழுக்காடு கொடுத்தார். கவனிக்கவும், முழுப் பாட்டில் 40 இல்லை. கீத் ரீடின் வரிகளுக்கான பங்கை யாரும் தொடவில்லை. பணமும் வழக்குப் போட்ட 2005க்குப் பிறகு வருவதில்தான். அதற்கு முந்தைய வருமானத்தில் ஒரு பைசா கிடையாது.

2008இல் மேல்முறையீட்டில் அது பாதி கவிழ்ந்தது. ஃபிஷர் கூட்டாசிரியர்தான், ஆனால் இவ்வளவு தாமதமாக வந்ததால் வருமானத்தில் பங்கு கேட்க முடியாது என்றார்கள். பிறகு, அப்போது பிரிட்டனின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபைக்குப் போனது. 2009 ஜூலையில் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக ஃபிஷர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். பிரிட்டனின் சுப்ரீம் கோர்ட் அந்த அக்டோபரில்தான் தொடங்கியது. பிரபுக்கள் சபை கேட்ட கடைசி வழக்குகளில் இதுவும் ஒன்று. நீதிபதி ஹேல் அம்மையார் தன் குறிப்பில், அறுபதுகளை நினைவில் வைத்திருப்பவர்களில் தானும் ஒருத்தி என்றும், அந்த ஆர்கன் பகுதியை ஆக்கியவருக்கு உரிய அங்கீகாரம் கடைசியில் கிடைத்ததில் மகிழ்ச்சி என்றும் எழுதினார்.

கொடிமரம்:
விவரத்துக்கு நன்றி வக்கீல் சார். ஆனால் 2008 தீர்ப்புதான் சரி என்று இப்போதும் சொல்வேன்.

38 வருஷம் என்பது சின்ன காலமா? பதிவின்போது கூட இருந்த தயாரிப்பாளர் டென்னி கார்டெல் 1995லேயே இறந்துவிட்டார். யார் எந்தச் சுரத்தைச் சொன்னார்கள் என்று அறிந்த ஒருவர் சாட்சி சொல்ல இல்லை. வயதானவர்களின் ஞாபகத்தை வைத்து 1967இல் ஒரு அறையில் நடந்ததை நிர்ணயிப்பது எவ்வளவு நியாயம்? அத்தனை வருஷமும் குழுவைக் கட்டி இழுத்தவர் புரூக்கர். ஊர் ஊராகப் போய்ப் பாட்டை உயிரோடு வைத்திருந்தவரும் அவர். ஃபிஷர் திரும்பி வந்து அதே மேடையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தார். அப்போதாவது வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாமே! கூடவே இருந்தவர் ஒருநாள் வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிறார். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை.

மாடிப்படி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்குப் புரியாதது ஒன்று. கீத் ரீட் எந்த வாத்தியமும் வாசிக்காதவர். ஒரு விருந்தில் யாரோ யாரிடமோ பேசியது காதில் விழ, அதிலிருந்து பாட்டின் தலைப்பை எடுத்தார் என்பார்கள். வாசிக்காத அவருக்குக் குழுவில் இடம் இருந்தது, பாட்டில் பாதி உரிமையும் இருந்தது. அது நியாயம்தான், வரிகள் அவருடையவை. அவர் முதலில் நான்கு சரணம் எழுதியிருந்தார், பதிவில் இரண்டுதான் வந்தன. நான்கு நிமிடப் பாட்டில் இரண்டே சரணம் என்றால் மிச்ச இடத்தில் இருப்பது என்ன? ஆர்கன்தானே?

ஏழாம்கட்டை:
கொடிமரம் அண்ணே, ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டீர்கள். பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

மெல்லிசைக் குழுக்களில் 26 வருஷமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். ஆரம்பத்தில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் அம்மன் பாட்டுக் கேசட்டுக்குக் கூப்பிட்டார்கள். மெட்டுப் போட்டவர் ஆர்மோனியத்தில் பல்லவியைப் பாடிக் காட்டினார். முன்னிசைக்கு என்ன வாசிக்க என்று கேட்டேன். ஏதாவது போடு தம்பி என்று சொல்லிவிட்டு டீ குடிக்க வெளியே போய்விட்டார். ஃபேன் சத்தம் மைக்கில் விழும் என்று அதை நிறுத்தியிருந்தார்கள். வியர்வை விரல் வழியாகக் கட்டைகளில் சொட்டியது. புல்லாங்குழல் டோனில் நான்கு தடவை மாற்றி மாற்றி வாசித்தேன், ஐந்தாவது சரியாக அமைந்தது. 350 ரூபாய் கொடுத்தார்கள்.

எங்கள் பக்கத்து ஊர்த் திருவிழாவில் இன்றும் அந்தப் பாட்டைப் போடுகிறார்கள். குழல் தொடங்கியதுமே கூட்டம் திரும்பிப் பார்க்கும். பாட்டு இன்னும் ஆரம்பித்திருக்காது.

அன்று நான் ஏன் வாய் திறக்கவில்லை? திறந்திருந்தால் அடுத்த கேசட்டுக்கு வேறு ஆள் வந்திருப்பான். ஃபிஷருக்கு அப்போது 21 வயது. பங்கு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் குழுவை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கும் இருந்தது, வழக்கிலேயே அது பேசப்பட்டது. வாய் திறக்காமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் அண்ணே.

கொடிமரம்:
தம்பி, படிக்கவே கஷ்டமாக இருந்தது. உங்களுக்கு நடந்தது அநியாயம்தான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. கோட்டை எங்கே போடுவது? அந்தப் பதிவில் டிரம்ஸ் வாசித்த பில் ஐடன் வாடகைக்கு வந்தவர். அவர் அடி இல்லாவிட்டால் அந்தப் பாட்டு அப்படி மிதக்காது. அவர் குடும்பத்தார் நாளைக்கு வந்து நின்றால்? ராக் குழுக்களில் ஒவ்வொருவரும் தன் பகுதியைத் தானே கண்டுபிடித்துத்தான் வாசிக்கிறார்கள். எல்லோரும் ஆசிரியர் என்றால் ஒரு பாட்டுக்கும் கணக்குத் தீராது.

சுருதிப்பெட்டி:
கேள்வி நல்ல கேள்வி. நான் கோடு போடுவது இப்படி. அந்தப் பகுதியைத் தனியாக எடுத்து வெறும் வாயால் பாடினால் அது முழு மெட்டாக நிற்கிறதா? எட்டு பார் (தாளச் சுற்று) ஆர்கனைப் பாடிப் பாருங்கள், நிற்கும். புரூக்கர் பாடும் மெட்டை மறந்துவிட்டுப் பாடினாலும் நிற்கும். டிரம்ஸ் அப்படி நிற்காது. கேட்பவர்கள் உயிரை விடுகிற அளவு நன்றாக இருந்தாலும் நிற்காது. சுவைக்கும் உரிமைக்கும் வேறு வேறு அளவுகோல். ஐடனுக்கு நன்றி சொல்லலாம், ஃபிஷருக்குப் பங்கு கொடுக்க வேண்டும்.

கூடவே ஒன்று. கடந்த 75 வருஷத்தில் பிரிட்டனின் பொது இடங்களில் அதிகம் ஒலித்த பாட்டு இதுதான் என்று 2009இல் சொன்னார்கள். அத்தனை வருமானத்தில் 2005 வரை வந்தது முழுக்கப் பழைய கணக்குப்படியே போய்விட்டது. தாமதத்துக்கு ஃபிஷர் கொடுத்த விலை அது. அதற்கு மேலும் அவரைத் தண்டிக்க வேண்டுமா?

கோர்ட்டுவாசல்:
அந்தக் கடைசி வாதம் பிரபுக்கள் சபைத் தீர்ப்பிலும் ஏறக்குறைய இருக்கிறது. தாமதத்தால் புரூக்கர் தரப்புக்கு நஷ்டம் ஏற்பட்டதாக நிரூபிக்கவில்லை, பார்க்கப்போனால் அத்தனை வருஷமும் ஃபிஷரின் பங்கும் சேர்ந்து அவர்களுக்கு லாபம்தான் வந்தது என்றார்கள்.

கொடிமரம்:
நேற்று ராத்திரி ஹெட்போன் போட்டுக்கொண்டு மூன்று முறை கேட்டேன். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பாடும்போது ஆர்கன் அடங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். இல்லை. குரலுக்குப் பின்னால் அது தன் பாட்டுக்கு இன்னொரு பேச்சுப் பேசிக்கொண்டே போகிறது. வெள்ளையடித்த வேலை என்று நான் சொன்னது தப்பு, அதைத் திரும்பப் பெறுகிறேன்.

பணத்தில் மட்டும் என் கருத்து மாறவில்லை. பெயரைப் போடுங்கள், பங்கு வேண்டாம். புரூக்கர் 2022இல் போய்விட்டார், அடுத்த வருஷமே ரீடும் போய்விட்டார். வயதான காலத்தில் அவர்களைக் கோர்ட்டில் நிறுத்தியது எனக்கு இன்றும் வலிக்கிறது.

ஏழாம்கட்டை:
பெயர் மட்டும் கிடைத்தாலும் நான் வாங்கிக்கொள்வேன் அண்ணே. அந்தக் கேசட்டின் அட்டை இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது. மெட்டுப் போட்டவர் பெயர் இருக்கிறது, பாடியவர், எழுதியவர், ஒலிப்பதிவு செய்தவர், அட்டை அச்சடித்த அச்சகம், எல்லாம் இருக்கிறது. கீபோர்டு என்ற வார்த்தையே அதில் இல்லை.