கர்ணன் கவசத்தை ஏன் கொடுத்தான்? நம் அனுபவங்கள்

கூத்துப் பிரியர்:
சென்ற வைகாசியில் செய்யாற்றுப் பக்கம் ஓர் ஊரில் விடிய விடியக் கர்ண மோட்சம் தெருக்கூத்து பார்த்தோம். கர்ணனின் மனைவி பொன்னுருவி வரும் கட்டத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிழ வேதியராக வந்த கண்ணன் புண்ணியத்தை யாசிக்க, அரிதாரம் வியர்வையில் வழிய, கர்ணன் தன் குருதியையே தாரை வார்த்த நேரத்தில், மடியில் தூங்கிவிட்டான் என்று நான் நினைத்திருந்த ஒன்பது வயது மகன், "கவசத்தைக் கேட்டு வந்தவர் அர்ச்சுனனின் அப்பா இந்திரன் என்று தெரிந்தேவா கொடுத்தார்? அயர்ன்மேனாவது வேறொன்று செய்துகொள்வார்" என்றான். இன்றுவரை அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை.

பழைய காமிக்ஸ் வாசகர்:
கொடைக்காக மட்டுமே கர்ணனை நேசிக்கிறோம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. குறையுள்ள நாயகனிடம்தான் மனம் ஒட்டுகிறது. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவிக்கு மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், இரும்புக்கை மட்டும் மறையாது. நான் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைக் கையில் சுற்றிக்கொண்டு கூடத்தில் நின்றபோது, பாட்டி முறத்தை நிறுத்திவிட்டு, "யாரடா அது, கை மட்டும் தெரிகிறது?" என்றார். அப்போது அவருக்குக் கண்புரை முற்றியிருந்தது. என்னோடு விளையாடினாரா, உண்மையிலேயே என்னைக் காணவில்லையா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

படுகளத்துக்காரர்:
பாரதக் கூத்தின் முடிவில் துரியோதனனை மண்ணுருவமாகச் செய்து வீழ்த்தும் படுகளம் முடிந்ததும், தொடை பிளந்து கிடந்த அந்த உருவத்திலிருந்து ஒரு மூதாட்டி ஒரு பிடி மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டதைப் பார்த்தேன். தோற்றவனின் மண்ணைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

முதலில் எழுதியவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1964இல் வந்த கர்ணன் படத்தைப் பையனுக்கு இப்போதே காட்டிவிடாதீர்கள். காட்டினால் சிவாஜி கணேசனின் முகமே அவன் மனத்தில் கர்ணனின் முகமாகத் தங்கிவிடும். வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய வில்லிபாரதத்தை உரையோடு வாங்கி, நாளுக்கு ஐந்து பாடல்கள் என்று வாசித்துக் காட்டுங்கள். அடுத்த கூத்துக்குப் போகும்போது போர்வையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு முன்வரிசையில் உட்காருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வியாச பாரதத்தில் சபை நடுவே பாஞ்சாலியை இழிவாகப் பேசியவனும் இதே கர்ணன்தான் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வள்ளல் என்று மட்டும் சொல்லி வளர்ப்பது அரைக்கதை.

கூத்துப் பிரியர்:
அதையும் சொல்லிப் பார்த்தேன். "அப்படியானால் கூத்துப் பார்த்த அந்தப் பாட்டிகள் எல்லாரும் ஏன் அழுதார்கள்?" என்று கேட்கிறான்.