ரவுடிக் கூட்டத்தில் ஒளிந்த போலீஸ்காரன்: 1936ஆ, 1949ஆ?

பழையபடப் பித்தன்:
ரவுடிக் கூட்டத்துக்குள் போலீஸ்காரன் ஆள்மாறி நுழையும் கதையை ஹாலிவுட்டுக்குச் சொல்லிக்கொடுத்ததே 1949இல் வந்த 'ஒயிட் ஹீட்'தான் என்று சாரல் நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதற்கு 13 வருஷம் முன்பே வில்லியம் கெய்லி இயக்கிய 'புல்லட்ஸ் ஆர் பேலட்ஸ்' வந்துவிட்டது. அதில் எட்வர்ட் ஜி. ராபின்சன்தான் ஜானி பிளேக். வேலை பறிபோன நியூயார்க் துப்பறிவாளன், தான் விரட்டிக்கொண்டிருந்த ரவுடித் தலைவன் க்ரூகரிடமே போய்ச் சேருகிறான். அவன் இன்னும் போலீஸ் ஆள்தான் என்பதைப் படம் நம்மிடமே கொஞ்ச நேரம் மறைக்கிறது. அந்த மறைப்புதான் விஷயமே.

சாரல்:
என்ன பெரிய மறைப்பு? 1934இலிருந்து தணிக்கை விதி இறுகிவிட்டது. ரவுடியை நாயகனாக்க முடியாது. 1931இல் 'லிட்டில் சீசர்' படத்தில் தாதாவாக வந்த ராபின்சனைப் போலீஸ் பக்கம் தள்ளியதே அதனால்தான். அவன் கெட்டுப்போகமாட்டான் என்று டிக்கெட் எடுத்தவனுக்குத் தெரியாதா?

பழையபடப் பித்தன்:
தெரியாது. ஊகிப்பது வேறு, தெரிவது வேறு. 'ஒயிட் ஹீட்'டில் மீன் பிடிக்கக் கிளம்பிய ஃபாலன் என்ற போலீஸ்காரனைப் பிடித்துக் கைதி வேஷத்தில் சிறைக்குள் அனுப்புவதே நம் கண்ணெதிரில் நடக்கிறது. அதில் ரகசியம் எங்கே இருக்கிறது?

சாரல்:
ரகசியமே வேண்டாம் ஐயா! ரவுடித் தலைவனாக வந்து தலைவலியில் துடிக்கும் ஜேம்ஸ் காக்னியின் பிடரியைப் பிடித்துவிடுகிறான் ஃபாலன். அவன் யாரென்று நமக்குத் தெரியும், காக்னிக்குத் தெரியாது. அந்தப் பதைப்பு உங்கள் 1936இல் உண்டா?

ராத்திரிக் காட்சி:
1936 படம் ஹம்ப்ரி போகார்ட் நடித்த படம்தானே? அதை ஏன் ஒருவருமே சொல்லவில்லை?

பழையபடப் பித்தன்:
போகார்ட் படம் இல்லை! பெயர்ப் பட்டியலில் ராபின்சன், ஜோன் பிளாண்டல், பார்ட்டன் மக்லேன், அப்புறம்தான் போகார்ட். நாலாவது ஆள். பின்னாளில் பெரிய ஆளானதற்காகப் பழைய படத்தையெல்லாம் அவருக்கு எழுதிக்கொடுக்க முடியாது.

மல்லி:
நீங்கள் ஆண்கள் சண்டையிலேயே இருங்கள். படத்தில் நம்பர் சூதாட்டத்தை, அதாவது ஓர் எண்ணின் மேல் சில்லறைக் காசு கட்டும் சூதாட்டத்தை, நடத்துவது பிளேக்கின் நண்பி லீ. நியூயார்க்கில் கறுப்பர்கள் வாழும் ஹார்லெமில் அவளோடு தொழில் செய்கிற நெல்லியாக லூயிஸ் பீவர்ஸ். க்ரூகர் கூட்டம் அந்தத் தொழிலைப் பிடுங்க வழி காட்டுவதே பிளேக்தான். நிஜத்திலும் ஹார்லெமின் கறுப்பர்களிடமிருந்து டச் ஷுல்ட்ஸ் என்ற தாதா அதை அடித்துப் பிடுங்கினான். நண்பியின் பிழைப்பில் கைவைத்தவனைத் தியாகி என்கிறீர்கள்.

பழையபடப் பித்தன்:
தியாகிதான். மாடிப்படியில் அவனும் ரவுடியாக வரும் போகார்ட்டும் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்கிறார்கள். போகார்ட் அங்கேயே சாகிறான். பிளேக் உடம்பில் குண்டோடு, போலீஸ் உள்ளே நுழைய வழி செய்துவிட்டுத்தான் சாகிறான். இதைப் பார்த்துவிட்டுமா பேசுகிறீர்கள்?

மல்லி:
பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். லீயின் முகத்தையும் பார்த்தேன்.

சாரல்:
சாவு எங்கேயும் உண்டு. மறைப்பு என்றீர்களே, அது எத்தனை நிமிஷம்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

பழையபடப் பித்தன்:
எத்தனை நிமிஷமானாலும் மறைப்பு மறைப்புதான். 1936. திரும்பவும் சொல்கிறேன், 1936.