பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் மாணவர் கற்பது சுவரிலா, மேசையிலா?

காகிதக்கூடு:
ஹார்வர்டில் பேராசிரியர் ஜெனிஃபர் ராபர்ட்ஸ் தரும் பயிற்சி தெரிந்ததுதான்: ஒரே படைப்பின் முன்னால் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது. யேல் பிரிட்டிஷ் கலை மையத்தில் தோல் மருத்துவர் இர்வின் பிரேவர்மன் தொடங்கிய வகுப்பில், மருத்துவ மாணவர்கள் ஓவியத்தில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்லப் பழகுகிறார்கள், முடிவு பிறகுதான். இரண்டிலும் மாணவர் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. எனவே கலைக்கூடம் தன் நேரத்தைப் படிப்பறை மேசைக்கே தரட்டும்; பெட்டியிலிருந்து படைப்பை எடுத்து மாணவர் அருகில் பார்க்கும் இடம் அது. மாணவர் கண்காட்சி என்று இறங்கினால் பருவத்தின் பாதி படச்சட்டத்துக்கும் அழைப்பிதழுக்கும் போய்விடும்.

சுவரோரம்:
ஆணி அடிப்பதும் படிப்புதான். படத்தின் மையம் தரையிலிருந்து 145 செ.மீ. என்று வையுங்கள். படச்சட்டத்தின் உயரம் 60. மாட்டுவதற்கான பின்கம்பியை இழுத்துப் பிடித்தால் மேல்விளிம்புக்கு 8 செ.மீ. கீழே நிற்கிறது. கொக்கி 145+30-8, அதாவது 167-இல் வர வேண்டும். அந்த 8-ஐ மறந்தால் படம் அவ்வளவும் மேலே ஏறிவிடும். இதைவிடப் பெரிய பாடம், எதன் பக்கத்தில் எது என்பது. 70 செ.மீ. அகல ஓவியத்தை ஒட்டி உள்ளங்கை அளவு செதுக்கச்சு (தகட்டில் செதுக்கி எடுத்த அச்சுப்படம்) ஒன்றை மாட்டினால் சின்னது காணாமல் போகும். 1:10 அளவில் அட்டை மாதிரி செய்து நகர்த்திப் பார்க்கும்போதுதான் மாணவர் உண்மையாகவே வாதாடுகிறார். மேசையில் அந்த வாதம் வராது.

காகிதக்கூடு:
சாயத்தை மங்க வைக்கும் வெளிச்சத்தையும் கணக்கில் சேருங்கள். காகிதப் படைப்புக்கு வழக்கமான வரம்பு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). நாளுக்கு 8 மணி நேரம், 84 நாள்: 33,600 லக்ஸ் மணி. "இருட்டாக இருக்கிறது" என்று 200-க்கு ஏற்றினால் அதே அளவு 21 நாளில் தீர்ந்துவிடும். மங்கிய சாயம் பெட்டிக்குள் எத்தனை வருடம் கிடந்தாலும் திரும்பாது. இரண்டு மணி நேர வகுப்புக்கு மேசையில் 200 லக்ஸ் கொடுத்தாலும் செலவு 400தான். ஒரு கண்காட்சி தின்னும் வெளிச்சத்தில் 84 வகுப்பு நடத்தலாம்!

சுவரோரம்:
அந்த 84 முறையும் பெட்டியைத் திறந்து, எடுத்து, திரும்ப வைக்க வேண்டுமே. மூலை மடங்குவதும் படத்தைத் தாங்கும் மவுண்ட் அட்டையில் அதைப் பிடித்திருக்கும் கீல்தாள் விடுவதும் அப்போதுதான். சுவரில் ஏறிய படத்தை யாரும் தொடுவதில்லை.

ஜன்னல்பக்கம்:
ஓபர்லின் கல்லூரியின் ஆலன் நினைவுக் கலை அருங்காட்சியகத்தை இருவரும் விட்டுவிட்டீர்கள். 1940-இல் எலன் ஜான்சன் தொடங்கிய வாடகைத் திட்டம் அங்கே உண்டு. சில டாலருக்கு மூலப் படைப்பையே ஒரு பருவம் விடுதி அறையில் மாட்டிக்கொள்ளலாம். தினமும் பல் துலக்கும்போது கண்ணில் படும் படம் மூன்று மணி நேரப் பயிற்சிக்குக் குறைந்ததா?

காகிதக்கூடு:
அதற்கென்றே ஒதுக்கிய தொகுப்பு அது. எல்லாப் படைப்புக்கும் பொருந்தாது. ஆனால் கண்காட்சிக்குச் சார்பாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: படத்தின் பக்கத்தில் வைக்கும் விளக்க அட்டை. 75 சொல்லுக்குள் எழுதச் சொன்னால், முதல் வரைவில் ஓவியர் பிறந்த ஊரும் வாங்கிய விருதும்தான் வரும். அதை வெட்டி, முதல் வாக்கியமே வாசிப்பவர் கண்ணைப் படத்தின் ஓர் இடத்துக்கு இழுக்கும்படி மாற்ற நாலைந்து திருத்தம் ஆகும். அந்தத் திருத்தம் நல்ல பள்ளிக்கூடம். அதற்கு 30 படம் தேவையில்லை, 4 போதும்: 50 லக்ஸ், மூன்று வாரம். மீதி நாள் மேசை.

சுவரோரம்:
4-க்கு நான் தயார். ஆனால் அந்த நாலையும் தேர்ந்தெடுப்பது மாணவராக இருக்க வேண்டும். காப்பாட்சியர் எடுத்துக் கொடுத்தால் அட்டை எழுதும் பயிற்சி மட்டுமே மிஞ்சும்.

காகிதக்கூடு:
சேமிப்பறையை முழுவதும் திறந்துவிட முடியாது. வெளிச்சக் கணக்கில் இடம் மிச்சமுள்ள 40 படைப்பைக் காப்பாட்சியர் பிரித்து வைக்கட்டும். அதற்குள் மாணவர் எடுக்கட்டும்.

சுவரோரம்:
வெளிச்சக் கணக்கு மட்டும் என்றால் சரி. "இது மாணவருக்குப் புரியாது" என்று ஒரு படமும் அந்த 40-இலிருந்து விலகக் கூடாது.