மறுமொழி: ‘காலனியர்’ என்பதற்கு மாற்றாகக் ‘குடியேற்றத்தார்’

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் புரட்சி பற்றிய அத்தியாயத்தைத் தமிழாக்கும்போது, வட அமெரிக்காவில் பிரிட்டன் ஆட்சியின்கீழ் இருந்த 13 பகுதிகளிலும் வாழ்ந்த வெள்ளையர்களை எந்தச் சொல்லால் குறிப்பது என்று இந்த இழையில் சில நாளாகப் பேசிவருகிறோம். காலனியர், குடியேறிகள், குடியேற்றவாசிகள் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. அந்த அத்தியாயத்தின் மையச் செய்தி, தங்களை ஆங்கிலேயர் என்றே எண்ணி வாழ்ந்தவர்கள் எப்படி அமெரிக்கர் ஆனார்கள் என்பது. இந்த மூன்று சொற்களும் அதற்குக் கைகொடுக்கவில்லை. ‘குடியேற்றத்தார்’ என்பதை முன்வைக்கிறேன்.

குடியேறிகள் என்பதை முதலில் பார்ப்போம். கடல் கடந்து வர்ஜீனியாவுக்கு வந்தவர் ஜார்ஜ் வாஷிங்டனின் கொள்ளுத்தாத்தா. 1732-இல் அந்த மண்ணிலேயே பிறந்த கொள்ளுப்பேரனைக் ‘குடியேறி’ என்று எழுதினால், அவரே கப்பலில் வந்து இறங்கியவர் என்றுதான் வாசகர் நினைப்பார். அதற்காக அவரை அப்போதே அமெரிக்கர் என்று எழுதவும் முடியாது. 1750-களில் அவர் ஆசைப்பட்டதெல்லாம் மன்னரின் படையில் முறையான அதிகாரிப் பதவிக்கு. அது கிடைக்கவில்லை. மன்னரின் ஆணை பெற்ற ஒரு கேப்டன், வர்ஜீனியாப் படையின் கர்னலான வாஷிங்டனுக்குத் தான் கட்டுப்பட வேண்டியதில்லை என்று நின்றார். ‘நாமும் ஆங்கிலேயர்தானே, நமக்கு மட்டும் ஏன் இந்த வேற்றுமை?’ என்ற மனக்குறையிலிருந்துதான் கதை தொடங்குகிறது. பிறப்பால் அந்த மண், பற்றால் லண்டன். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருந்த காலத்துக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

அந்த 13 பகுதியினருக்குள் ஒற்றுமையும் கிடையாது. 1754-இல் ஆல்பனியில் 7 பகுதிகளின் பேராளர்கள் கூடி, பெஞ்சமின் பிராங்க்ளின் முன்வைத்த கூட்டாட்சித் திட்டத்தை ஏற்றார்கள். ஊர் திரும்பியதும் ஒரு சட்டமன்றம்கூட அதை அங்கீகரிக்கவில்லை. 1765-இல் முத்திரைத்தாள் வரி வந்தது. செய்தித்தாள், வழக்குப் பத்திரம், சீட்டுக்கட்டு வரை எல்லாவற்றுக்கும் வரி. அதை எதிர்த்து நியூயார்க்கில் 9 பகுதிகள் கூடின. தென் கரோலினாவிலிருந்து வந்த கிறிஸ்டோபர் காட்ஸ்டென், இந்தக் கண்டத்தில் இனி நியூ இங்கிலாந்துக்காரர், நியூயார்க்காரர் என்று யாரும் இருக்கக் கூடாது, எல்லோரும் அமெரிக்கர்தான் என்ற பொருளில் எழுதினார். ஆனால் மறு ஆண்டே வரியை விலக்கிக்கொண்டதும் மன்னர்மேல் பழைய அன்பு திரும்பிவிட்டது. நன்றி தெரிவிக்கும் விதமாக மூன்றாம் ஜார்ஜுக்கு நியூயார்க்கில் சிலையே எடுத்தார்கள். பொன்முலாம் பூசிய ஈயச் சிலை, குதிரைமேல் அமர்ந்த கோலம். நிறுவியது 1770-இல். 1776 ஜூலை 9 அன்று, விடுதலைப் பிரகடனத்தை வாசிக்கக் கேட்ட கூட்டம் அதைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளியது. அந்த ஈயத்தை உருக்கித் துப்பாக்கிக் குண்டுகள் வார்த்தார்கள். சிலை வைத்ததற்கும் சாய்த்ததற்கும் இடையில் ஆறே ஆண்டுகள்!

அந்த இடைவெளியில் நடந்ததில் நான் பெரிதாக நினைப்பது 1774. தேயிலையைக் கடலில் கொட்டியதற்குத் தண்டனையாக பாஸ்டன் துறைமுகத்தை லண்டன் மூடியதும், பிற பகுதிகளிலிருந்து உணவு வந்து சேர்ந்தது. தெற்கே தென் கரோலினாவிலிருந்து அரிசி வந்தது. பார்த்தே இராத ஊருக்குத் தங்கள் அரிசியை அனுப்பியவர்கள், அந்த ஊரின் அடி நாளை நமக்கும் விழும் என்று புரிந்துகொண்டவர்கள். பேச்சைவிட இந்தக் கொடுக்கல் வாங்கலும், அன்னியச் சரக்கை வாங்க மாட்டோம் என்ற கூட்டுக் கட்டுப்பாடும்தான் அவர்களை ஒன்றாக்கின. மாறாக, 1776 ஜனவரியில் முழு விடுதலையே வழி என்று எழுதி ஊரையே திருப்பிய தாமஸ் பெயின், 1774 நவம்பரில்தான் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கியவர். குடியேறி என்ற சொல் அவருக்குத்தான் பொருந்தும்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். ஊரார், குடும்பத்தார் போலக் குடியேற்றத்தார். வந்தவரா, அங்கேயே பிறந்தவரா என்ற கேள்வி இதில் எழாது. அந்தக் குடியேற்றத்தைச் சேர்ந்தவர், அவ்வளவுதான். காலனியர் வேண்டாம் என்பதற்குக் காரணம் இங்கே எல்லோருக்கும் தெரியும். தமிழகத்தில் ‘காலனி’ சாதி இழிவைச் சுமக்கும் சொல்லாகிவிட்டது. அரசு ஆவணங்களிலிருந்தே அதை நீக்கப்போவதாக 2025-இல் அறிவித்திருக்கிறார்கள். தவிர, இந்தியாவும் ‘காலனி’, மாசசூசெட்ஸும் ‘காலனி’ என்றால் குழப்பம்தான் மிஞ்சும். நாம் ஆளப்பட்டோம், அவர்கள் குடியேறி, பிறர் நிலத்தைப் பிடித்து வாழ்ந்தார்கள்.

ஈழத்து நண்பர் எழுப்பிய தடை வலுவானது. இலங்கையின் கிழக்கில் சிங்களவரை அரசே குடியமர்த்திய கல்லோயாத் திட்டம் தொடங்கிக் குடியேற்றம் என்ற சொல் அவர்களுக்குத் தரும் வலி வேறு. ஆனால் அங்கே அப்படிக் குடியமர்த்தப்பட்டவர்களைக் குடியேற்றவாசிகள் என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே ‘குடியேற்றவாசிகள்’ என்ற சொல்லை அவர்கள் வழக்குக்கே விட்டுவிடலாம்.

இதில் யார் அடங்குவார் என்பதையும் சொல்விளக்கத்தில் வெளிப்படையாக எழுத வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அவர்கள் குடியேறவில்லை. தொல்குடிகளோ விடுதலைப் பிரகடனத்திலேயே இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்று வசைபாடப்பட்டவர்கள். புதிய அடையாளம் லண்டனை எதிர்த்து மட்டும் உருவாகவில்லை, இவர்களை வெளியே நிறுத்தியும் உருவானது. குடியேற்றத்தார் என்று எழுதும்போது அந்த எல்லை மங்கக் கூடாது.

அப்புறம், தேசிய அடையாளம் உருவாகும் நிகழ்முறைக்குத் ‘தேசியமயமாதல்’ என்று ஒருவர் பரிந்துரைத்திருந்தார். படிப்பவருக்கு 1969-இல் வங்கிகளை அரசு எடுத்துக்கொண்டதுதான் நினைவுக்கு வரும். ‘தேசத்தாராதல்’ எனலாமா? குடியேற்றத்தார் தேசத்தார் ஆயினர் என்று வாக்கியமும் இயல்பாக அமைகிறது.

இன்னும் ஒன்று பாக்கி. கடைசிவரை மன்னர் பக்கமே நின்று, தோற்றபின் கனடாவுக்கும் பிற இடங்களுக்கும் வெளியேறியவர்களை மூலத்தை ஒட்டி ‘விசுவாசிகள்’ என்று எழுதினால் தேவாலயத்து வாடை வருகிறது. ‘அரசப் பற்றாளர்’ என்று வரைவில் போட்டிருக்கிறேன். இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.

அன்புடன்